ஆன்டிகுவா குவாதமாலா: ஒரு தலைநகரம் எப்படிப் 'பழைய' தலைநகரம் ஆனது?

மஞ்சள் வளைவு, கல் பாவிய தெரு, பின்னால் கூம்பாக நிற்கும் எரிமலை. பயண வீடியோக்கள் பார்க்கிறவர்கள் கண்ணில் இந்தக் காட்சி எப்படியும் பட்டிருக்கும். மத்திய அமெரிக்காவில் குவாதமாலா நாட்டில் உள்ள ஆன்டிகுவா நகரம் அது. ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்குப் 'பழைய' என்று பொருள். (கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த வெஸ்ட் இண்டீஸ் தீவு வேறு.) வீடியோவில் கூடவே வரும் விளக்கம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "ஸ்பானியர்கள் கட்டிய தலைநகரம். எரிமலை வெடித்து அழிந்தது. மக்கள் விட்டுவிட்டுப் போனார்கள். அதனால் ஐந்நூறு வருடமாக அப்படியே இருக்கிறது."

இதில் எந்த வாக்கியமும் முழுசாகச் சரியில்லை. கட்டியதில் பெரும்பகுதி உள்ளூர் மக்களின் உழைப்பு. எரிமலை வெடித்து அந்த ஊர் அழியவில்லை. மக்கள் எல்லாரும் போகவும் இல்லை. இன்று கண்ணில் படும் கட்டடங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஐந்நூறு வயதும் இல்லை. இந்த ஊர் தலைநகரப் பதவியை இழந்ததற்கு நிலநடுக்கம் ஒரு காரணம்தான். கடைசியில் அதை முடிவு செய்தது ஓர் அரசாங்க உத்தரவு. அந்த உத்தரவைப் புரிந்துகொண்டால் ஊர் ஏன் இன்று இப்படி இருக்கிறது என்பதும் புரியும்.

தலைநகரம் என்றால் என்ன?

ஓர் ஊரில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி நீதிமன்றம், வக்கீல்கள், பத்திரம் எழுதுகிறவர்கள், ஜெராக்ஸ் கடை, மனு கொடுக்க வருகிறவர்களை நம்பிப் பிழைக்கும் சாப்பாட்டுக் கடைகள். ஒரு நாள் அரசாங்கம் ஆணை போட்டு அந்த ஆபீஸை வேறு ஊருக்கு மாற்றிவிடுகிறது. கட்டடம் அங்கேயே நிற்கும். ஆனால் கோப்புகள் போன வண்டியின் பின்னாலேயே வக்கீலும் கடைக்காரரும் போய்விடுவார்கள். ஊர் அழியாது, அதன் வேலை போய்விடும்.

ஸ்பானியக் காலனித் தலைநகரமும் இப்படித்தான் இயங்கியது. அங்கே இருந்த முக்கியமான அமைப்பு ஆடியென்சியா. ஒரு பெரிய நிலப்பரப்பு முழுவதற்கும் உயர் நீதிமன்றமாகவும் நிர்வாக சபையாகவும் இருந்தது அது. அதன் தலைவரே பிற்காலத்தில் படைத் தலைமையும் சேர்ந்த ஆளுநர். அவருக்குப் பெயர் கேப்டன் ஜெனரல். இவர்களோடு ஊர்க் காரியங்களைப் பார்க்கும் நகர சபை, பேராயர், பல்கலைக்கழகம், துறவு மடங்கள். இன்றைய மெக்சிகோவின் சியாப்பாஸ் முதல் கோஸ்டா ரிக்கா வரைக்கும் இந்த ஒரே ஊரிலிருந்து ஆட்சி நடந்தது. அதாவது இன்றைய ஐந்து நாடுகளும், ஆறாவது நாட்டின் ஒரு பகுதியும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பானியச் சட்டத்தின் கண்ணில் நகரம் என்பது பெயரும் உரிமைகளும் உள்ள ஒரு சட்ட அமைப்பு. நிலம் மாறினாலும் நகரம் மாறாது. நகர சபை எங்கே கூடுகிறதோ அங்கேதான் நகரம். இன்று ஆன்டிகுவா என்று நாம் சொல்லும் ஊரின் அன்றைய பெயர் சான்டியாகோ. அந்தச் சான்டியாகோ ஒரே இடத்தில் பிறந்து வளர்ந்த ஊர் அல்ல.

மூன்று இடங்கள், ஒரே நகரம்

1524-இல் பெட்ரோ டி அல்வராடோ என்ற ஸ்பானியத் தளபதி இப்பகுதிக்குள் படையோடு நுழைந்தார். கக்சிகேல் என்ற மாயா மக்கள் முதலில் அவருக்குத் துணை நின்றார்கள். அவர்களுடைய தலைநகரமான இஷிம்சேயில், அந்த வருடம் ஜூலையில், சான்டியாகோ நகரம் நிறுவப்பட்டதாக அறிவிப்பு வந்தது. தங்கம் கேட்டு அல்வராடோ கொடுத்த நெருக்கடியில் நட்பு அதற்குப் பிறகு சில வாரங்களுக்குமேல் தாங்கவில்லை. கக்சிகேல் மக்கள் ஊரைவிட்டு மலைகளுக்குள் போய்ப் பல வருடம் எதிர்த்துப் போரிட்டார்கள்.

1527 நவம்பரில் அல்வராடோவின் தம்பி ஹோர்ஹே நகரத்தை அல்மொலோங்கா பள்ளத்தாக்கில், ஆகுவா எரிமலையின் அடிவாரத்தில் மறுபடி நிறுவினார். அங்கே பதினான்கு வருடம்தான்.

1541 ஜூலையில் அல்வராடோ மெக்சிகோவில் நடந்த ஒரு சண்டையில் காயம்பட்டு இறந்துபோனார். செய்தி வந்து சேர்ந்ததும் அவர் மனைவி டோன்யா பெயாத்ரிஸ் டி லா குவேவா பெரும் துக்கம் காத்தார். செப்டம்பர் 9-ஆம் தேதி நகர சபை அவரையே ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது. அந்தக் காலத்துக் காலனி ஆட்சியில் ஒரு பெண் அந்தப் பதவிக்கு வருவது மிக அரிது. பதவி ஏற்ற ஆவணத்தில் தன்னைப் 'பாக்கியமற்றவள்' என்று குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்போது நாள்கணக்கில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் இரவு எரிமலைச் சரிவிலிருந்து சேறும் பாறையும் வேரோடு பெயர்ந்த மரங்களுமாக ஊருக்குள் இறங்கின. பெயாத்ரிஸ் தன் தோழிப் பெண்களோடு அரண்மனையின் சிறு வழிபாட்டு அறையில் அடைக்கலம் புகுந்தார். அது இடிந்து விழுந்து அவரும் அவர்களில் பலரும் இறந்தார்கள்.

எரிமலை அழித்தது என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் எரிமலை வெடிக்கவில்லை. எரிமலைச் சரிவில் இருப்பது தளர்வான சாம்பலும் உடைகல்லும். கனமழை அதை ஊறவைத்தால் மொத்தமும் சேற்று வெள்ளமாக இறங்கும். இதற்கு எரிமலைச் சேற்றோட்டம் என்று பெயர். நெருப்பு ஒரு பொறிகூட வேண்டியதில்லை. மலை உச்சியில் இருந்த ஏரி உடைந்ததுதான் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். மழையால் வந்த சேற்றோட்டம் என்பதே இன்றைய விளக்கம்.

முக்கியமாக, இது நடந்த இடம் இன்றைய ஆன்டிகுவா அல்ல. அது இன்று சியுதாத் வியேஹா என்ற ஊர்ப் பக்கம் இருக்கிறது. அழிவுக்குப் பிறகு 1543-இல் நகர சபை சில கிலோமீட்டர் தள்ளிப் பான்சோய் பள்ளத்தாக்குக்கு மாறியது. சான்டியாகோவின் அந்த மூன்றாவது இடம்தான் இன்று நாம் வீடியோவில் பார்ப்பது.

இதுவரை பார்த்தது: தலைநகரம் என்பது அலுவலகங்களின் தொகுப்பு, அதை இடம் மாற்ற முடியும். சான்டியாகோ அப்படி இரண்டு தடவை மாறி 1543-இல் பான்சோய்க்கு வந்தது. சேற்றோட்டத்தில் அழிந்தது அதற்கு முந்தைய ஊர்.

கட்டியது யார்?

பான்சோயில் நகரம் சதுரக் கட்டங்களாக அமைந்தது. நடுவில் பிளாசா என்னும் பொதுச் சதுக்கம். கிழக்கே பேராலயம், தெற்கே ஆளுநர் அரண்மனை, வடக்கே நகர சபை, மேற்கே வணிகர்களின் வளைவு மண்டபம். மதம், அரசு, ஊர், வியாபாரம் என்று நான்கு அதிகாரங்களும் ஒன்றையொன்று பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். இன்றும் அந்தச் சதுக்கத்தில் நின்றால் இந்த ஏற்பாட்டைக் கண்ணாலேயே வாசிக்கலாம்.

கட்டத்தின் நடுவில் குடியிருந்தவர்கள் ஸ்பானியர்கள். விளிம்பில் இருந்தவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. படையெடுப்புக் காலத்தில் அடிமையாக்கப்பட்ட பழங்குடி மக்களை 1549-50 வாக்கில் ஆடியென்சியாவின் தலைவர் அலோன்சோ லோபெஸ் டி செர்ராட்டோ விடுவித்தார். அவர்களில் நிறையப் பேர் நகரத்தைச் சுற்றிய குடியிருப்புகளில் தங்கினார்கள். ஆனாலும் வரி கொடுக்க வேண்டும், முறை வைத்துக் கட்டாய வேலைக்கும் வர வேண்டும். கல் சுமந்தவர்கள், செங்கல் சுட்டவர்கள், தண்ணீரும் விறகும் காய்கறியும் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்கள் வழிவந்தவர்களும் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். 'ஸ்பானியர்கள் கட்டியது' என்ற ஒற்றை வரியில் இத்தனை பேரும் காணாமல் போய்விடுகிறார்கள். அது எனக்கு வருத்தம்.

ஊர் செழித்தது. 1660-இல் அச்சகம் வந்தது. 1676-இல் சான் கார்லோஸ் பல்கலைக்கழகத்துக்கு அரச ஆணை கிடைத்தது. மெக்சிகோ மீதான ஸ்பானியப் படையெடுப்பில் சிப்பாயாக இருந்து அந்த வரலாற்றை எழுதிய பெர்னால் டியாஸ் டெல் கஸ்டியோ இந்த ஊரில்தான் நகர சபை உறுப்பினராக இருந்து, 1584-இல் காலமானார்.

நில அதிர்வு கட்டடத்தை என்ன செய்கிறது?

மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் கோக்கோஸ் என்ற கடலடித் தட்டு கரீபியத் தட்டின் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது. இந்த நாட்டின் எரிமலை வரிசைக்கும் நிறைய நிலநடுக்கங்களுக்கும் அதுதான் மூலம். தண்ணீருக்குப் பயந்து இடம் மாறியவர்களுக்கு மண் வேறு கணக்கு வைத்திருந்தது. 1565, 1651, 1689, 1717, 1751 என்று நில அதிர்வுகள் வந்துகொண்டே இருந்தன.

கல்லும் செங்கல்லும் மேலிருந்து வரும் எடையை நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் விட்டுவிடும். நில அதிர்வில் தரை சட்டென்று பக்கவாட்டில் நகர்கிறது. சுவரின் அடி தரையோடு நகரும். மேலே இருக்கும் கனம் அதே வேகத்தில் கூட வராது. அந்த இழுபறியில் சுவர்கள் மூலைகளில் பிரிகின்றன. வளைவுக் கூரைகள் சும்மா இருக்கும்போதே சுவர்களை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருப்பவை. சுவர் கொஞ்சம் விலகினால் போதும், கூரை உள்ளே இறங்கிவிடும். உயரம் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

ஊரின் கொத்தனார்கள் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒவ்வொரு இடிபாட்டிலும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். சுவரைத் தடிமனாக்கினார்கள். மணிக்கூண்டுகளைக் குட்டையாக்கினார்கள். தூண்களைப் பருமனாக்கினார்கள். உயரத்தில் காட்ட முடியாத அழகைச் சுவரின் மேற்பரப்பில் காட்டினார்கள். செங்கல் சுவரின் மேல் சுண்ணாம்புச் சாந்தில் சுதை வேலை: கொடி, பூ, திராட்சைக் குலை. நில அதிர்வு பரோக் என்று சொல்லப்படும் பாணி இதுதான். பரோக் என்றால் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பரவியிருந்த, அலங்காரம் மிகுந்த ஐரோப்பியக் கட்டடக் கலை; அது இங்கே வந்து குள்ளமாகவும் உறுதியாகவும் ஆகிவிட்டது.

இந்தப் பாணியின் பெரிய பெயர் டியேகோ டி போர்ரெஸ், 1677-இல் இதே ஊரில் பிறந்தவர். தந்தை ஜோசப் டி போர்ரெஸும் கட்டடக் கலைஞர். 1680-இல் திறப்பு விழா கண்ட பேராலயத்தைக் கட்டியவர். 1717 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊரை இடம் மாற்றலாமா என்ற பேச்சு எழுந்து அடங்கியது. மாற்றவில்லை. முன்னைவிடப் பெரிதாகத் திரும்பக் கட்டினார்கள். 1736-இல் திறந்த, கப்புச்சின் என்ற துறவு சபையின் கன்னியர் மடம் டியேகோவின் வேலை. அதன் உள்முற்றத்துத் தூண்களைப் பாருங்கள். ஓர் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன், உயரமோ மிகக் குறைவு. அதே மடத்தில் வட்டமான ஒரு கட்டடம், ஓரத்தைச் சுற்றி 18 சிறு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கன்னி. லா மெர்சேத் தேவாலயம் ஹுவான் டி டியோஸ் எஸ்ட்ராடாவின் கையில் 1767-இல் முடிந்தது. மஞ்சள் முகப்பு, அதில் வெண்ணிறச் சுதைக் கொடிகள், இரண்டு குட்டை மணிக்கூண்டுகள். ஆறே வருடத்தில் அதற்குச் சோதனை வந்தது, தாங்கி நின்றது. 1743-இல் முடிந்த நகர சபைக் கட்டடமும் அப்படியே நின்றது.

ஐந்நூறு வருடமாக அப்படியே இருக்கிறது என்ற பேச்சு இங்கே உடைகிறது. நாம் பார்க்கும் பிரமாண்டத்தில் பெரும்பகுதி 1717-க்கும் 1773-க்கும் இடைப்பட்டது, அதாவது படையெடுப்பு நடந்து இரண்டு நூற்றாண்டு கழித்து. எல்லாரும் படம் எடுக்கும் அந்த மஞ்சள் வளைவு 1690-களைச் சேர்ந்தது. சான்டா கத்தலீனா மடத்துக் கன்னியர்கள் வெளியார் கண்ணில் படாமல் தெருவைக் கடக்கக் கட்டிய மூடிய நடைபாதை. அதன் மேலிருக்கும் கடிகாரம் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது.

1773: விழுந்தது என்ன, முடிவு செய்தது யார்?

1773 ஜூலை 29, சான்டா மார்த்தா திருநாள். பிற்பகலில் முதலில் ஓர் அதிர்வு. மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெரிய அதிர்வு. முதல் அதிர்வு வெளியே வரவைத்ததால்தான் பல உயிர்கள் பிழைத்தன. பேராலயத்தின் கூரை விழுந்தது, மடங்கள் பிளந்தன. டிசம்பர் 13-இல் மறுபடி ஒரு பெரிய அதிர்வு.

சரி, ஊர் மொத்தமும் தரைமட்டமா? இந்தக் கேள்வியில்தான் ஊரே இரண்டானது.

கேப்டன் ஜெனரல் மார்ட்டின் டி மயோர்கா நகரத்தை மாற்றியே ஆக வேண்டும் என்றார். பேராயர் பெட்ரோ கோர்ட்டெஸ் இ லார்ராஸ் கூடாது என்றார். ஆளுநர் தரப்பு அறிக்கைகளில் எல்லாம் நாசம். எதிர்த்தரப்பின் கணக்கில் சரிசெய்யக் கூடியது நிறைய. எத்தனை சுவரில் விரிசல் என்பதே அரசியல் ஆகிவிட்டது.

பின்னால் பணம் இருந்தது. மடங்களின் வருமானத்துக்குப் பெரிய ஆதாரம் சென்சோ: வீட்டின் மேலோ நிலத்தின் மேலோ ஏற்றிவைத்த ஒரு கடன், உடைமை யாருடையதோ அவர் வருடா வருடம் 5 சதவீதம் கட்ட வேண்டும். ஊர் இருந்தால் வீட்டுக்கு விலை, வீட்டுக்கு விலை இருந்தால் கடனுக்கு மதிப்பு. ஊரைக் காலி செய்தால் மடங்களின் அடமானம் மண்ணாகிவிடும். கடன் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர்களில் சிலருக்கோ புதிய இடம் என்றால் பழைய பாரம் இறங்கும். ஸ்பானிய அரசு அந்தக் காலத்தில் திருச்சபையின் செல்வாக்கைக் குறைத்து நிர்வாகத்தைத் தன் கைக்குள் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தது என்பதையும் வரலாற்றாய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். பேராயர் சுயநலத்துக்காக மட்டும் எதிர்த்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஊரைவிட்டு நகர வசதியில்லாத ஏழைகள் அவர் பக்கம் நிறைய இருந்தார்கள்.

1775-இல் மன்னர் மூன்றாம் கார்லோஸ் இடமாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். 1776 ஜனவரியில் நகர சபை லா எர்மிட்டா பள்ளத்தாக்கில் கூடியது. இன்றைய குவாதமாலா சிட்டி அப்படிப் பிறந்தது. பழைய ஊரைக் காலி செய்ய 1777-இல் உத்தரவு வந்தது. 1779-இல் புதிய பேராயர் வந்த பிறகுதான் எதிர்ப்பு அடங்கியது.

சுருக்கமாக: 1773 நிலநடுக்கம் ஊரைக் கடுமையாகக் காயப்படுத்தியது, ஆனால் முன்பும் அப்படி நடந்து மீண்ட ஊர் அது. இந்தத் தடவை மீளாததற்குக் காரணம் அலுவலகங்களை மாற்றிய அரச ஆணை.

இடிபாடு ஏன் இடிபாடாகவே நின்றது?

ஆணை வந்ததும் பழைய ஊர் புதிய ஊருக்குக் கட்டுமானக் கிடங்கு ஆனது. கதவு, ஜன்னல், உத்திரம், மணி, செதுக்கிய கல் என்று கழற்றக்கூடியதெல்லாம் போயின. சிலைகளும் போயின. லா மெர்சேத் தேவாலயத்தில் இருந்த, சிலுவை சுமக்கும் இயேசுவின் சிலை, 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் மத்தேயோ டி சூன்யிகா செதுக்கியது, இன்று தலைநகரத்து லா மெர்சேத்தில் இருக்கிறது. மடங்கள் அதே பெயரில் புதிய ஊரில் மறுபடி எழுந்தன. இன்று கூரையில்லாமல் நிற்கும் சுவர்களில் சிலவற்றின் நிலைக்கு நிலநடுக்கத்தோடு இந்தக் கழற்றலும் பொறுப்பு.

ஆனால் எல்லாரும் போகவில்லை. ஏழைகள், கைவினைஞர்கள், சுற்றுக் கிராமத்துப் பழங்குடி மக்கள் தங்கிவிட்டார்கள். இடிபாடுகளுக்குள் குடும்பங்கள் குடியேறின. பேராலயத்தின் முன்பகுதியைச் சரிசெய்து வழிபாடு நடத்தினார்கள். இன்றும் முன்னால் பங்குக் கோயில். பின்னால் போனால் குவிமாடம் விழுந்த வட்டங்களின் வழியே வானம் தெரியும் பெரிய மண்டபம். 19-ஆம் நூற்றாண்டில் சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சி வளர்ப்பு ஊருக்குக் காசு கொண்டுவந்தது. செயற்கைச் சாயம் வந்து அது படுத்ததும் காப்பி வந்தது. பிழைக்கப் போதுமான பணம் இருந்தது. பழையதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டும் அளவு பணமோ தலைநகர நெருக்கடியோ இல்லை. பழைமை நிலைத்ததற்கு இதுதான் அடிப்படைக் காரணம்.

பாதுகாப்பான இடம் என்று சொல்லி மாறிப் போன புதிய தலைநகரத்தை 1917 டிசம்பர் முதல் 1918 ஜனவரி வரை வந்த நிலநடுக்கங்கள் நொறுக்கின. நாட்டுக்குள் நில அதிர்வு எட்டாத பள்ளத்தாக்கு என்று ஒன்று இருக்கவில்லை.

திட்டமிட்ட பாதுகாப்பு பிறகுதான் வந்தது. 1944-இல் தேசிய நினைவுச் சின்னம் ஆனது. 1969-இல் ஆன்டிகுவாவுக்கென்றே தனிச் சட்டம். 1976 பிப்ரவரி 4-இல் 7.5 அளவு நிலநடுக்கம் நாடு முழுக்கச் சுமார் 23,000 பேரைக் கொன்றது. ஆன்டிகுவாவின் பழைய சுவர்களும் அடிபட்டன. 1979-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகு செய்த பழுதுபார்ப்பில் இடிந்ததை முழுசாகக் கட்டி எழுப்புவதைவிட, நிற்பதை விழாமல் தாங்குவதே பெரும்பாலும் நோக்கமாக இருந்தது. அப்புறம் இன்னொரு தகவல்: ஊர் இன்றும் ஒரு தலைநகரம்தான், சகத்தேபெக்கேஸ் என்ற மாவட்டத்துக்கு.

கட்டடம் அல்லாத பாரம்பரியம்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இந்த ஊருக்குப் போனவர்கள் கட்டடங்களைவிடத் தெருவைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். ஊர்வலம் வரும் தெருவில் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வாசலுக்கு முன்னால் அல்ஃபோம்ப்ரா போடுவார்கள். சாயமேற்றிய மரத்தூளில் வரையும் தரைக்கம்பளம் அது. முதலில் மணலோ மரத்தூளோ பரப்பிக் கல் தெருவின் மேடு பள்ளத்தை நிரவுவார்கள். மேலே வெட்டிய அச்சுத் தகடுகளை வைத்து, நிறம் நிறமாகத் தூளைச் சலித்துத் தூவுவார்கள். காற்றில் பறக்காமல் இருக்க அவ்வப்போது தண்ணீர் தெளிப்பார்கள். பைன் இலையும் பூவும் காய்கறியும் சேர்வதுண்டு. ராத்திரி முழுக்க வேலை நடக்கும். பிறகு சிலை ஏற்றிய பெரிய மரத் தேரைத் தோளில் சுமந்துகொண்டு ஊதா அங்கி போட்டவர்கள் அதன் மேலேயே நடந்து போவார்கள். எண்பது பேருக்கு மேல் தோள் கொடுக்கும் தேர்களும் உண்டு. பெரிய வெள்ளி பிற்பகலிலிருந்து அங்கி கறுப்பாக மாறும். 2022-இல் குவாதமாலாவின் புனித வாரத்தை யுனெஸ்கோ வாழும் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இந்தக் கம்பளம் போட மரத்தூளும் சாயமும் மட்டும் போதாது. வாசலும் அந்த வாசலில் குடியிருக்கும் குடும்பமும் வேண்டும். சுற்றுலா வளர வளர நடு ஊரில் வீட்டு விலையும் வாடகையும் ஏறி, பழைய வீடுகள் ஓட்டல்களாகவும் கடைகளாகவும் மாறிவருகின்றன. பல குடும்பங்கள் ஹோகோத்தெனாங்கோ, சியுதாத் வியேஹா போன்ற பக்கத்து ஊர்களுக்குக் குடிபோய்விட்டன. 1969 சட்டம் சுவரின் உயரத்தையும் முகப்பையும் பார்த்துக்கொள்கிறது. சுவருக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை அது கேட்பதில்லை. ஊர்க்காரர்கள் இன்று வாதாடிக்கொண்டிருப்பது இதைப் பற்றித்தான்.